ஃப்ரீமாண்ட் ஆலையின் இரண்டு மாடல் மாற்றங்கள், 1992–1995: ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வின் எல்லை

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் கார் ஆலையின் பெயர், வீணைக் குறைத்து உற்பத்தி செய்யும் டொயோட்டா பாணியான லீன் முறையைப் படித்த எவருக்கும் பழக்கமானது. மோசமான ஆலை என்று மூடப்பட்டு, பெரும்பாலும் அதே தொழிலாளர்களோடு திரும்பத் திறந்து, இரண்டே ஆண்டில் அமெரிக்காவின் தரமான ஆலைகளுள் ஒன்றானது. வகுப்பறைகளில் இந்த வரலாற்றை 1986 வாக்கில் நிறுத்திவிடுவார்கள். உற்பத்தி மேலாண்மையிலோ செயல்முறை மேம்பாட்டிலோ வேலை பார்ப்பவர்களுக்கு அதிகம் கற்றுத்தருவது அதற்குப் பின் வந்த காலம்தான். 1992-இல் நடந்த மாடல் மாற்றம் தொழிலாளர்களின் கைகளையும் தோள்களையும் பதம் பார்த்தது. அடுத்த மாற்றத்தை அதே ஆலை வேறு விதமாகக் கையாண்டது. இந்த ஆய்வு அந்த இரண்டையும் எடுத்துக்கொள்கிறது. இதில் வருபவர்கள் பெயரால் அல்லாமல் பொறுப்பால் மட்டுமே குறிப்பிடப்படுகிறார்கள்.

பின்னணி

ஜெனரல் மோட்டார்ஸ் 1982-இல் இந்த ஆலையை மூடியபோது எந்த நாளும் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராத நிலை இருந்தது. தீர்க்கப்படாத புகார் மனுக்கள் ஆயிரக்கணக்கில் குவிந்திருந்தன. ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் கூட்டாக ‘நம்மி’ என்ற நிறுவனத்தைத் தொடங்கி, நிர்வாகத்தை டொயோட்டா ஏற்றுக்கொண்டது. 1984 டிசம்பரில் முதல் கார் வெளியே வந்தது. ஆரம்பத்தில் சேர்ந்த மணிக்கூலித் தொழிலாளர்களில் சுமார் 85 விழுக்காட்டினர் பழைய ஆலையில் வேலை பார்த்தவர்கள். சங்கத் தலைமையும் பழையதே.

மாற்றப்பட்டது வேலையின் அமைப்பு. பழைய ஆலையில் 80-க்கும் மேற்பட்ட வேலைப் பிரிவுகள் இருந்தன. புதிய ஆலையில் உற்பத்திக்கு ஒரே பிரிவு, திறன் தொழில்களுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய சில. முன்பு சுமார் 80 தொழிற்பொறியாளர்கள் ஸ்டாப்வாட்சோடு நின்று வேலையைப் பிரித்துக் கொடுத்தார்கள். இப்போது ஸ்டாப்வாட்ச் தொழிலாளர் கைக்கே போனது. ஒரு டீமில் ஐந்து முதல் ஏழு பேர், அவர்களுக்கு ஒரு டீம் லீடர். அவரும் சங்க உறுப்பினர், மணிக்கூலி பெறுபவர். நான்கு டீம்கள் சேர்ந்தால் ஒரு குரூப், அதற்கு ஒரு குரூப் லீடர், அவர் நிர்வாகத்தின் ஆள். தொடக்கத்தில் சில நூறு டீம் லீடர்களும் குரூப் லீடர்களும் ஜப்பானின் தகாஓகா ஆலைக்குப் போய், அங்கே லைனில் நின்று வேலை கற்றுத் திரும்பினார்கள்.

இதற்கெல்லாம் அடியில் எழுத்தில் ஒரு வாக்குறுதி இருந்தது. நிறுவனத்தின் நீண்டகால இருப்பே ஆட்டம் காணும் அளவுக்கு நெருக்கடி வந்தாலொழிய ஆட்குறைப்பு இல்லை. அந்த நிலையிலும் முதலில் மேலாளர்களின் சம்பளம் குறையும், வெளியே கொடுத்த வேலைகள் உள்ளே திரும்பும். 1988 வாக்கில் ஆலை கட்டிய நோவா கார் விற்காமல் உற்பத்தி வெகுவாகச் சரிந்தபோது, கையில் வேலையில்லாதவர்களைப் பயிற்சிக்கும் கைசன் (வேலைமுறையைச் சிறிது சிறிதாக மேம்படுத்தும்) வேலைகளுக்கும் அனுப்பினார்கள். யாரும் வீட்டுக்கு அனுப்பப்படவில்லை. 1991-இல் யோசனைத் திட்டத்தில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் பங்கேற்றதற்குக் காரணம் பரிசுத்தொகை என்று நாம் கருதவில்லை. தான் சொல்லும் யோசனையால் தன் வேலையோ பக்கத்து ஆளின் வேலையோ போய்விடாது என்று தெரிந்த இடத்தில்தான் யோசனை பிறக்கும்.

லைன் ஓடிய விதம்

டாக்ட் டைம் சுமார் 60 வினாடி. அதாவது ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு நிமிடத்துக்கு ஒரு கார். ஒவ்வொரு வேலைக்கும் தரநிலைத் தாள் உண்டு: எந்த வரிசையில் செய்வது, ஒவ்வோர் அசைவுக்கும் எத்தனை வினாடி, நடக்கும் தூரம் எவ்வளவு, கையிருப்பில் எத்தனை பாகம். அந்தத் தாளை எழுதியவர்கள் அந்த டீமின் ஆட்களே. எழுதியதை அடுத்த ஷிப்டின் டீமோடு ஒப்பிட்டு ஒன்றாக்கினார்கள்.

சிக்கல் வந்தால் தொழிலாளர் ஆண்டன் கயிற்றை இழுப்பார். உடனே இசை ஒலிக்கும், பலகையில் ஸ்டேஷன் எண் எரியும். லைன் அந்தக் கணமே நிற்பதில்லை. கார் அந்த ஸ்டேஷனின் எல்லையைத் தொடுவதற்குள் டீம் லீடர் ஓடி வந்து சரிசெய்துவிட்டால் கயிற்றை மறுபடி இழுத்து விடுவிப்பார். முடியாவிட்டால் குறித்த இடத்தில் லைன் தானாக நிற்கும். ஆகவே கயிற்றின் பயன் முழுவதும் டீம் லீடர் கையில் வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருப்பதைப் பொறுத்தது. கயிற்றை மட்டும் வாங்கி மாட்டிவிட்டு டீம் லீடரை லைனில் நிறுத்தும் ஆலைகளில் இது ஏன் வேலை செய்வதில்லை என்பதற்கு விடையும் இதுவே.

பழைய ஆலையில் ஒருவர் 60 வினாடியில் சுமார் 45 வினாடி வேலை செய்தார், நம்மியில் சுமார் 57 வினாடி என்பது ஆய்வாளர்கள் பரவலாகச் சொல்லும் ஒப்பீடு. உற்பத்தித்திறனுக்கு இதுவே பெருமை. இதையே உடம்பின் கணக்கில் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு ஷிப்டில் ஏழரை மணி நேரம் லைன் ஓடினால் 450 கார். நிமிடத்துக்கு 15 வினாடி இடைவெளி இருந்தால் ஷிப்டுக்கு 112 நிமிடத்துக்கும் மேல் கை ஓய்ந்திருக்கும். 3 வினாடி இடைவெளியில் அது 22 நிமிடம்தான், அதுவும் மூன்று மூன்று வினாடித் துண்டுகளாக. இவ்வளவு இறுக்கிய லைனில் உடம்பைக் காப்பாற்ற வேறு ஏற்பாடு இருந்தாக வேண்டும். நம்மியில் இருந்த முக்கிய ஏற்பாடு ஜாப் ரொட்டேஷன்: டீமுக்குள் ஷிப்டு முழுக்க ஒருவர் ஒரே வேலையில் நில்லாமல் மாறிக்கொண்டே இருப்பது.

1992: முதல் மாற்றம்

1993 மாடலாக விற்கவிருந்த புதிய கொரோலாவும் அதன் இரட்டையான ஜியோ பிரிசமும் 1992-இன் பிற்பகுதியில் லைனில் ஏறின. தரத்தையும் வேகத்தையும் மட்டும் வைத்துப் பார்த்தால் இது தோல்வி அல்ல. அமெரிக்க ஆலைகள் அன்றைக்கு மாடல் மாற்றத்துக்கு எடுத்துக்கொண்ட காலத்தோடு ஒப்பிட்டால் நம்மி மிகக் குறைந்த நாட்களே லைனை நிறுத்தியது.

சிக்கல் வேறு இடத்தில் எழுந்தது. மணிக்கட்டு, தோள், முதுகு வலிகளும் காயங்களும் கூடின. புது வேலையைக் கையில் படியவைப்பதற்காகப் பல டீம்கள் ரொட்டேஷனை நிறுத்தி வைத்திருந்தன. ஒருவர் நான்கு வேலையை அரைகுறையாகக் கற்பதைவிட ஒன்றைச் சரியாகக் கற்கட்டும் என்பது லைனை மேலேற்றும் அவசரத்தில் நியாயமாகவே தோன்றும். அதன் விலை எங்கே போய் விழுகிறது என்பதை ஒரு வேலையை வைத்துக் காட்டலாம்.

கதவு விளிம்பில் ரப்பர் பட்டையைக் கட்டைவிரலால் அழுத்தி ஏற்றும் வேலையை எடுத்துக்கொள்வோம். ஒரு காருக்கு 12 அழுத்தம் என்றால் 450 காருக்கு 5,400 அழுத்தம். நான்கு வேலைகளுக்குள் சுற்றிவந்தால் ஒருவர் பங்கு 1,350. ரொட்டேஷன் நின்ற அன்றே அது நான்கு மடங்காகிறது. புதிய மாடலுக்கு வரும் பாகங்களின் முதல் லாட்டுகளில் (தொகுதிகளில்) ரப்பர் கொஞ்சம் விறைப்பாகவோ உலோக விளிம்பு அரை மில்லிமீட்டர் தடித்தோ வருவது எந்த ஆலையிலும் நடப்பது. அப்போது ஒவ்வோர் அழுத்தத்துக்கும் கூடுதல் விசை வேண்டும். தரநிலைத் தாளில் அந்த அசைவுக்கு எழுதிய 2 வினாடி மாறுவதில்லை. தொழிலாளர் 2 வினாடிக்குள் முடித்துவிடுகிறார், கயிறு இழுக்கப்படுவதில்லை, ஆண்டன் பலகை அமைதியாக இருக்கிறது. ஸ்டாப்வாட்ச் நேரத்தை அளக்கும். கட்டைவிரலில் ஏறிய விசையை அது அளக்காது.

அடுத்த கண்ணி ஆள் கணக்கு. ஒருவர் வலியால் விடுப்பெடுத்தாலோ இலகு வேலைக்கு மாற்றப்பட்டாலோ, இருப்பவர்களை வைத்தே ஈடுகட்டும் அமைப்பில் அந்த இடத்தில் நிற்பவர் டீம் லீடர். அவர் லைனில் நின்றுவிட்டால் கயிறு இழுத்தவரிடம் ஓடி வர ஆளில்லை. புதியவருக்குக் கற்றுக்கொடுக்க நேரமில்லை. ரொட்டேஷனை மறுபடி தொடங்க வேண்டிய ஆளே ஒரு ஸ்டேஷனுக்குள் கட்டுண்டு கிடக்கிறார். அதனால் ரொட்டேஷன் இன்னும் தள்ளிப்போகிறது, இன்னொருவர் தோளைப் பிடித்துக்கொண்டு மருத்துவ அறைக்குப் போகிறார். இந்தச் சுழல் ஒருமுறை தொடங்கிவிட்டால் கைசன் கூட்டம் போட்டு நிறுத்த முடியாது, கூட்டத்துக்கு வரக்கூட ஆள் இருக்காது.

மூன்றாவது காரணம் காலம். காரின் வடிவமைப்பு டொயோட்டாவிடம் இருந்தது. ஒரு கிளிப்பின் இடத்தையோ ஒரு போல்ட்டின் கோணத்தையோ மாற்ற வேண்டும் என்றால் பாகத்துக்கு வடிவம் கொடுக்கும் அச்சான டை வெட்டப்படுவதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். லைனில் ஏறிய பிறகு கண்டுபிடித்தால் மிஞ்சுவது மேடையை உயர்த்துவது, கருவியை மாற்றுவது, வேலையைப் பிரித்துக் கொடுப்பது ஆகிய மூன்றும்தான். மூன்றுமே 57 வினாடி நிரம்பிய லைனில் அரிதான வினாடிகளைக் கேட்பவை.

1993 ஜனவரி: நடவடிக்கை

விவகாரம் ஆலைச் சுவருக்குள் நிற்கவில்லை. புதிய மாடலை ஏற்றியபோது எர்கோனாமிக்ஸில், அதாவது வேலையை உடம்புக்கு ஏற்றபடி அமைப்பதில், போதிய கவனம் செலுத்தவில்லை என்று 1993 ஜனவரியில் கலிஃபோர்னியா மாநிலப் பணியிடப் பாதுகாப்புத் துறை நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. நாடெங்கும் முன்மாதிரி என்று காட்டப்பட்ட ஆலைக்கு இது சாதாரண விஷயம் அல்ல.

அந்த நேரத்தில் நிர்வாகத்துக்கு முன் இரண்டு வழிகள் இருந்தன. காயங்களைத் தனித்தனி மருத்துவ விவகாரங்களாகக் கையாண்டு, அபராதத்தை எதிர்த்து, காலத்தைக் கடத்துவது ஒன்று. மாடல் ஏற்றத்தின் செயல்முறையே குறைபட்டது என்று ஏற்றுக்கொண்டு அதைத் திருத்துவது மற்றொன்று. சங்கத்துக்குள்ளும் இரு தரப்பு இருந்தது. நிர்வாகத்தோடு சேர்ந்து தீர்க்கலாம் என்றது ஒன்று, வேலை வேகமே பிரச்சினை என்றது மற்றொன்று. இரண்டாவது தரப்பின் அழுத்தம் இல்லாமல் முதல் தரப்பின் பேச்சு எடுபட்டிருக்கும் என்று நாம் நம்பவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணமும்

ஆலையில் ஏற்கெனவே இருந்த ஒரு பழக்கம் இங்கே கைகொடுத்தது. ஒவ்வொரு பெரிய வேலை முடிந்ததும் நடந்ததைத் திரும்பிப் பார்க்கும் ஹான்செய் ஆய்வு அது. 1993 மாடலின் ஏற்றம் முடிந்ததும் சந்தித்த சிக்கல்களைத் தொகுத்து எழுதினார்கள். குற்றம் சுமத்தும் அறிக்கையாக அதைப் பயன்படுத்தவில்லை, அடுத்த ஏற்றத்தின் திட்டத்துக்குள் நேரடியாகக் கொண்டுபோய் வைத்தார்கள். பல ஆலைகளில் இத்தகைய ஆய்வுகள் கோப்புக்குள் உறங்குவதற்குக் காரணம், அடுத்த மாடலின் திட்டம் போடுபவர் வேறு ஆள், அவர் அந்தக் கோப்பைத் திறப்பதே இல்லை என்பதுதான்.

இரண்டாவது முடிவு பைலட் டீமைப் பற்றியது. புதிய மாடலின் வேலைகளை முன்கூட்டியே கட்டிப் பார்த்து, தரநிலைத் தாள்களின் முதல் வரைவை எழுதி, பிறகு லைனில் உள்ளவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் குழு இது. இதில் இருந்தவர்கள் லைனிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்ட தொழிலாளர்கள். அடுத்த ஏற்றத்தில் பைலட் கட்டத்திலேயே ஒவ்வொரு வேலையும் எர்கோனாமிக்ஸ் கண்ணோடு மதிப்பிடப்பட்டது. தோளுக்கு மேல் கை போகிறதா, மணிக்கட்டு வளைந்த நிலையில் விசை கொடுக்க வேண்டியிருக்கிறதா, குனிந்தபடி எத்தனை வினாடி, ஒரே தசைக்கு அடுத்தடுத்த வேலைகளிலும் பாரம் விழுகிறதா என்பவை இத்தகைய மதிப்பீட்டில் பார்க்க வேண்டியவை.

இதை வெளியாள் ஒருவரிடம் ஒப்படைக்காமல் லைன் ஆட்களிடம் கொடுத்ததற்கு வலுவான காரணம் உண்டு. எர்கோனாமிக்ஸ் தெரிந்த பொறியாளர் கோணத்தையும் எடையையும் சொல்லிவிடுவார். மாலை நான்கு மணிக்கு வியர்த்த கையுறையோடு அந்த ஹோஸை ஏற்றும்போது பிடி வழுக்கும் என்பது அதை ஏற்றியவருக்குத்தான் தெரியும்.

1995: இரண்டாம் மாற்றம்

அடுத்து வந்தது 1995 பிக்கப் டிரக். நம்மியின் டிரக் லைன் 1991-இல் தொடங்கப்பட்டது, கார் லைனிலிருந்து தனியானது. முன்கூட்டிய மதிப்பீடு, ரொட்டேஷனுக்கான அக்கறை, முன் ஏற்றத்தின் ஹான்செய் ஆகியவற்றோடு டிரக் ஏறியது. இந்த இரு ஏற்றங்களையும் நெருங்கிக் கவனித்த ஆய்வாளர்கள், எர்கோனாமிக்ஸ் கோணத்தில் இரண்டாவது ஏற்றம் முதலாவதைவிடத் தெளிவாக நன்றாக நடந்தது என்று பதிவு செய்திருக்கிறார்கள். ஏற்றத்தின் வேகத்தையும் தரத்தையும் விலைகொடுத்து இது வாங்கப்படவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். இரண்டும் ஒரே மாதிரியான ஏற்றங்கள் அல்ல. வண்டி வேறு, லைன் வேறு. ஆகவே முன்னேற்றம் முழுவதையும் பைலட் டீமின் கணக்கில் எழுதுவது சரியாகாது. துறையின் கண் மேலே இருந்ததும், சங்கம் ஒவ்வொரு வேலையையும் கேள்வி கேட்டதும் அதில் பங்குள்ளவை. ஆலைக்குள் நல்ல முறைகள் இருந்தும் 1992-இல் அவை போதவில்லை. வெளியிலிருந்து வந்த அழுத்தம்தான் அவற்றை எர்கோனாமிக்ஸ் பக்கம் திருப்பியது. லீன் முறை தானாகவே தொழிலாளரின் உடம்பைக் காக்கும் என்ற நம்பிக்கைக்கு இந்த ஆலை ஆதாரம் ஆகாது. லீன் என்றாலே உடம்பைப் பிழிவது என்ற எதிர்வாதத்துக்கும் ஆகாது.

ஆலை அதன் பிறகும் பதினைந்து ஆண்டுகள் ஓடியது. 2009-இல் ஜெனரல் மோட்டார்ஸ் விலகியது, 2010 ஏப்ரல் 1 அன்று கடைசி கொரோலா இறங்கியது. கட்டடத்தை டெஸ்லா வாங்கிக்கொண்டது.

என்ன மாற வேண்டும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் பக்கத்து ஆலைகளிலும் டாக்ட் டைம் ஒரு நிமிடத்தைச் சுற்றியே ஓடும் லைன்கள் உண்டு. பயிற்சியாளராகவோ ஒப்பந்தத்திலோ நிற்கும் இருபது வயதுக்காரர் மணிக்கட்டு வலியைச் சொல்லத் தயங்குவார், சொன்னால் நாளைக்கு வேலை இருக்குமா என்ற பயம் அவருக்கு. நம்மியில் இருந்த ஆட்குறைப்பு இல்லை என்ற வாக்குறுதி அவரிடம் இல்லை. ஆகவே வலி தானாக வெளியே வரும் என்று காத்திருக்காமல் அளந்து கண்டுபிடிக்க வேண்டிய கடமை இங்கே இன்னும் கூடுதல்.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. தரநிலைத் தாளில் வினாடிக்கான கட்டத்துக்குப் பக்கத்தில் விசைக்கு ஒரு கட்டம் சேர்க்கலாம். பைலட் கட்டத்தில் ஒரு முறையும், உற்பத்தி டையிலிருந்து வரும் முதல் மூன்று லாட்டுகளில் ஒவ்வொரு முறையும் ஃபோர்ஸ் கேஜால் அளந்து எழுதினால், ரப்பர் விறைத்த செய்தி கட்டைவிரல் வீங்குவதற்கு முன்பே சப்ளையருக்குப் போய்விடும். ரொட்டேஷனை நிறுத்த வேண்டிவந்தால், நிறுத்தும் அன்றே மீண்டும் தொடங்கும் தேதியை எழுதி டீம் பலகையில் ஒட்ட வேண்டும். முதலில் இரண்டு வேலைகளுக்குள் மாற்றம், பிறகு மூன்று, பிறகு முழுச் சுற்று என்று படிப்படியாகப் போகலாம். அடுத்தடுத்த வேலைகள் வேறு வேறு தசைகளுக்குப் பாரம் கொடுப்பவையாக இருக்க வேண்டும். இரண்டுமே தோளை வருத்தும் வேலைகள் என்றால் மாற்றிப் பயனில்லை.

டீம் லீடர் லைனில் நின்ற மணி நேரத்தைத் தினமும் எண்ணுவது மிக முக்கியம். உற்பத்தி எண்ணிக்கை, பழுது எண்ணிக்கை ஆகியவற்றைவிட முன்னதாக ஆபத்தைச் சொல்லும் எண் இதுவே. மாடல் ஏற்றும் வாரங்களில் ஒரு குரூப்புக்கு ஓர் ஆளையாவது உபரியாக ஒதுக்க வேண்டும். பட்ஜெட் கூட்டத்தில் முதலில் வெட்டப்படுவதும் இந்த ஆள்தான். அவரை வெட்டினால் டீம் லீடர் லைனுக்குப் போவார், அதன் பின் என்ன நடக்கும் என்பதை ஃப்ரீமாண்ட் காட்டிவிட்டது.

இந்தத் துறைக்குள் வரும் இளம் பொறியாளர்களின் பணிவழியும் இதோடு பிணைந்தது. நம் ஊரில் கைசன் பொறியாளரின் முதல் இரண்டு ஆண்டுகள் ஏற்கெனவே ஓடும் லைனில் வினாடிகளைச் சுரண்டுவதிலும் அதை விளக்கக்காட்சியாகத் தயாரிப்பதிலும் கழிகின்றன. அவரை ஒரு மாடலின் பைலட் கட்டத்தில், லைன் ஆட்களோடு சேர்த்து, ஏற்றம் முடிந்து மூன்று மாதம் வரை வைத்திருப்பது நல்லது. தான் எழுதிய தாள் 450-வது காரில் எப்படி இருக்கிறது என்பதை அப்போதுதான் அவர் பார்ப்பார். அதேபோல லைனிலிருந்து வரும் ஐடிஐ படித்தவருக்கு டீம் லீடர், பைலட் டீம், பிறகு குரூப் லீடர் என்று ஒரு படிவரிசை எழுத்தில் இருக்க வேண்டும். பைலட் டீமில் சம்பாதித்த அறிவோடு அவர் பழைய ஸ்டேஷனுக்கே திரும்பி நின்றுவிட்டால் அடுத்த மாடலுக்கு அந்த அறிவு கிடைக்காது.

பைலட் முடிவில் ஒப்புதல் கையெழுத்துப் போடுபவர்களின் பட்டியலில் தரம், உற்பத்தி, பராமரிப்பு ஆகியவற்றோடு எர்கோனாமிக்ஸ் பொறுப்பாளரின் இடமும் வேண்டும். அவர் கையெழுத்திட மறுத்தால் அந்த ஸ்டேஷன் மட்டுமாவது திருத்தத்துக்குத் திரும்ப வேண்டும்.